பச்சோந்தி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பச்சோந்தி என்ற பேச்சை எடுத்தாலே ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. பாதிக்கு மேல் நிறத்தைப் பற்றி, மீதி நாக்கைப் பற்றி. கேட்டவர்கள் எப்படிக் கேட்டார்களோ அப்படியே கேள்விகளை வைத்துப் பதில்களைத் தொகுத்திருக்கிறேன். சுலபமானவை முதலில், சிக்கலானவை பிறகு.

பச்சோந்தியும் ஓணானும் ஒண்ணுதானே?

இல்லை. உறவுக்காரர்கள், ஆனால் வேறு வேறு குடும்பம். வேலியில் உட்கார்ந்து தலையை மேலும் கீழும் ஆட்டுவதும், இனப்பெருக்கக் காலத்தில் கழுத்து சிவந்து நிற்பதும் ஓணான். அதுவும் ஓரளவு நிறம் மாறும் என்பதால்தான் இந்தக் குழப்பம்.

பார்த்த உடனே கண்டுபிடிக்க மூன்று அடையாளங்கள் போதும். ஓணானின் விரல்கள் தனித்தனியாக விரிந்திருக்கும். பச்சோந்தியின் விரல்கள் இரண்டு கொத்தாக ஒட்டியிருக்கும். ஓணானின் வால் நீண்டு விறைப்பாக இருக்கும். பச்சோந்தியின் வால் சுருளும். ஓணான் ஆளைக் கண்டால் சட்டென்று ஓடிவிடும்; பச்சோந்தி மிக மெதுவாக, கிளையின் மறுபக்கத்துக்கு நகரும்.

எந்த கலர் மேல வச்சாலும் அந்த கலருக்கு மாறிடுமாமே?

மாறாது. சிவப்புத் துணியில் வைத்தால் சிவப்பாகவும், கட்டம் போட்ட துணியில் வைத்தால் கட்டம் கட்டமாகவும் மாறுவது போல் சுற்றும் வீடியோக்கள் கணினியில் செய்தவை. ஒவ்வொரு பச்சோந்தி இனத்துக்கும் அதற்கென்று சில நிறங்களும் கோலங்களும்தான் உண்டு. அந்த எல்லையைத் தாண்டி அதனால் போக முடியாது. பெரும்பாலான இனங்களுக்கு அந்த எல்லை பச்சை, பழுப்பு, மஞ்சள், கறுப்பு என்பதோடு முடிந்துவிடுகிறது. மண்ணோடு வாழும் சின்னஞ்சிறு இனங்கள் பழுப்பின் சில சாயல்களுக்குள்ளேயே வாழ்நாளை முடித்துக்கொள்கின்றன.

அப்போ எதுக்குத்தான் நிறம் மாறுது?

முக்கியமாக இரண்டு காரணங்கள். ஒன்று, இன்னொரு பச்சோந்தியிடம் சேதி சொல்ல. இரண்டு, உடம்பின் சூட்டைச் சரிசெய்துகொள்ள.

சேதி என்றால் விளையாட்டாகச் சொல்லவில்லை. இரண்டு ஆண்கள் எதிரெதிரே வந்தால் உடம்பைப் பக்கவாட்டில் தட்டையாக்கி, பளிச்சென்ற நிறங்களைக் காட்டிக்கொண்டு நிற்கும். ஏமன் நாட்டுப் பச்சோந்திகளை வைத்து 2013 இல் வெளியான ஓர் ஆய்வில், எந்த ஆணின் உடல் கோடுகள் அதிகப் பிரகாசமாகின்றனவோ அதுவே துணிந்து முன்னேறியது. எதன் தலை வேகமாகவும் பளிச்சென்றும் நிறம் மாறியதோ அதுவே பெரும்பாலும் சண்டையில் ஜெயித்தது. தோற்கிற ஆண் மங்கிக் கறுத்துப்போகும். 'நான் ஒதுங்கிக்கொள்கிறேன்' என்பது அதன் பொருள். அதைப் பார்த்ததும் ஜெயித்தது அடிப்பதை நிறுத்திவிடும். நிறைய ரத்தக்காயம் இப்படித்தான் மிச்சமாகிறது. பெண்ணும் நிறத்தால் பேசும். ஏமன் இனத்தில் கருவுற்ற பெண் கறுத்து, நீலமும் மஞ்சளுமாகப் புள்ளிகளைக் காட்டினால் நெருங்கி வரும் ஆணுக்குக் கிடைக்கும் பதில் 'வராதே'.

சூட்டுக் கதை எளிது. கறுப்பு வெயிலை உறிஞ்சும், வெளிர் நிறம் திருப்பி அனுப்பும். காலைக் குளிரில் கறுத்து வெயில் காய்வதும், உச்சி வெயிலில் வெளுப்பதும் அதனால்தான்.

தோலுக்குள்ள சாயம் ஓடுதா? எப்படி மாறுது?

நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தார்கள்: நிறமிகள் செல்லுக்குள் விரிவதும் சுருங்குவதும்தான் எல்லாம் என்று. கறுத்துப்போவதற்கு அது சரியான விளக்கம். மெலனின் என்ற கருநிறமி செல்லின் கிளைகளுக்குள் பரவும்போது தோல் இருளும். ஆனால் பச்சை மஞ்சளாவதும் நீலம் வெளுப்பதும் அதனால் நடப்பவை அல்ல.

2015 இல் ஜெனீவா பல்கலைக்கழகக் குழு, மடகாஸ்கரின் பாந்தர் பச்சோந்தியின் தோலை ஆராய்ந்து இதை வெளிக்கொண்டுவந்தது. தோலின் மேலடுக்கில் உள்ள ஒருவகைச் செல்களுக்குள் குவானின் என்ற பொருளின் நுண்படிகங்கள் ஒழுங்கான இடைவெளியில் அடுக்கப்பட்டிருக்கின்றன. பச்சோந்தி அமைதியாக இருக்கும்போது படிகங்கள் நெருக்கமாக இருக்கும். அப்போது அவை நீல ஒளியைத் திருப்பி அனுப்பும். தோலில் ஏற்கெனவே உள்ள மஞ்சள் நிறமியோடு அந்த நீலம் சேர்ந்து நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகிறது. எதிரியையோ பெண்ணையோ கண்டு கிளர்ச்சி அடைந்தால் படிகங்களுக்கு இடையே உள்ள தூரம் கூடும். திரும்பி வரும் ஒளி மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நகரும். சில நிமிடங்களில் ஆளே மாறிவிடும்.

இதற்குக் கீழே பெரிய படிகங்கள் கொண்ட இன்னொரு அடுக்கும் உண்டு. அது அகச்சிவப்புக் கதிர்களைத் திருப்பி அனுப்புகிறது. வெயிலின் சூடு உடம்புக்குள் இறங்காமல் காக்க இது உதவலாம் என்பது அந்தக் குழுவின் கணிப்பு. ஒரே தோலில் மேலே பேச்சும் கீழே குடையுமாக இரண்டு ஏற்பாடு இருப்பதுதான் பச்சோந்தியின் உடம்பில் எனக்கு ஆகப் பெரிய வியப்பு.

கண்ணு ரெண்டும் தனித்தனியா சுத்துதே, அதுக்குத் தலை சுத்தாதா?

சுற்றாது. இமைகள் ஒன்றோடொன்று இணைந்து கூம்பு மாதிரிக் கண்ணை மூடியிருக்கும். நடுவில் கண்பாப்பா அளவுக்கு மட்டும் ஒரு துளை. அந்தக் கூம்பு முழுவதும் கண்ணோடு சேர்ந்து திரும்பும். ஒரு கண் முன்னால் பூச்சியைத் தேடும்போது இன்னொன்று பின்னால் வல்லூறு வருகிறதா என்று பார்க்கலாம். தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய சுற்றிவரப் பார்த்துவிடும். கிளையில் அசையாமல் இருக்க வேண்டிய பிராணிக்கு இது எவ்வளவு பெரிய வசதி!

இரை அகப்பட்டதும் இரண்டு கண்ணும் ஒரே புள்ளிக்குத் திரும்பும். ஆனால் தூரத்தை அளக்க அதற்கு இரண்டு கண் தேவையில்லை. நாம் இரண்டு கண்ணில் விழும் படங்களின் வேறுபாட்டை வைத்துத் தூரத்தை உணர்கிறோம். பச்சோந்தி கண்ணைக் குவிக்கும் முயற்சியை வைத்தே அளந்துவிடுகிறது. 1977 இல் வெளியான ஒரு சோதனையில் பச்சோந்தியின் கண்முன் லென்ஸ் மாட்டிப் பார்த்தார்கள். நாக்கு இரையைத் தப்பவிட்டது. 1995 இல் இன்னொன்று தெரிந்தது. மற்ற முதுகெலும்பிகளின் கண் லென்ஸ் ஒளியைக் குவிக்கும். பச்சோந்தியின் லென்ஸ் விரிக்கும். குவிக்கும் வேலையைக் கண்ணின் முன்பக்கக் கருவிழிப் படலம் பார்த்துக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்து, தொலைவில் உள்ளதைப் பெரிதாக்கிக் காட்டும் கேமரா லென்ஸ் போல வேலை செய்கின்றன.

நாக்கு உடம்பைவிட நீளம்னு சொல்றாங்க. வாய்க்குள்ள எங்க வச்சிருக்கும்?

நீளம் என்பது உண்மை. பல இனங்களில் நாக்கு உடலின் ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை போகும் (வாலைச் சேர்க்காமல்). ஆனால் அது சுருட்டி வைத்த நாக்கு அல்ல. கீழ்த்தாடையில் முன்னோக்கி ஒரு மெல்லிய எலும்புக் குச்சி இருக்கிறது. நாக்கின் தசை அதைச் சுற்றிக் குழாய் மாதிரி மாட்டியிருக்கும். பின்னால் இழுக்கும் தசை மடிப்பு மடிப்பாகக் கிடக்கும்.

தசைக்கும் எலும்புக்கும் நடுவில் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தால் ஆன உறைகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. தசை இறுகும்போது அந்த உறைகள் இழுபட்டு விசையைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். தசைக்குழாய் எலும்பின் நுனியைத் தாண்டி வழுக்கியதும் சேர்ந்த விசை முழுவதும் ஒரே நொடிப்பொழுதில் வெளியாகி நாக்கு பாயும்.

சிறிய இனங்களில்தான் வேகம் அதிகம். 2016 இல் வெளியான அளவீட்டில், தான்சானியாவின் ஒரு சிறிய இனத்தின் நாக்கு புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 264 மடங்கு முடுக்கத்தை எட்டியது. பூச்சிக்குச் சிறகை விரிக்கக்கூட நேரம் இருக்காது.

நாக்கு நுனியில பசை இருக்கா?

பசை போன்ற கெட்டியான எச்சில் இருக்கிறது. மனித எச்சிலைவிட ஏறத்தாழ 400 மடங்கு பிசுபிசுப்பு என்று 2016 இல் அளந்திருக்கிறார்கள். அதோடு, இரையைத் தொடும் கணத்தில் நாக்கின் நுனி உள்ளே குழிந்து உறிஞ்சிப் பிடிக்கும். இரண்டும் சேர்வதால் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை உள்ள இரையையும் சில இனங்களால் இழுத்துவிட முடிகிறது.

குளிர்ல பல்லி எல்லாம் மந்தமாயிடுமே, பச்சோந்தி எப்படி வேட்டையாடும்?

நல்ல கேள்வி. தசைகள் குளிரில் மெதுவாகும். பச்சோந்தியின் தசையும் அப்படித்தான். ஆனால் முன்னால் சொன்னபடி, நாக்கு பாய்வது தசையின் நேரடி வேகத்தால் அல்ல, கொலாஜன் உறைகளில் சேர்ந்த விசையால். அந்த விசை குளிருக்கு அவ்வளவாக அசைந்து கொடுப்பதில்லை. சோதனையில், குளிர்ச்சியில் நாக்கு வெளியே போகும் வேகம் கொஞ்சம்தான் குறைந்தது. உள்ளே இழுக்கும் வேகம் நன்றாகவே குறைந்தது, ஏனென்றால் இழுப்பது வெறும் தசையின் வேலை. இரை ஒட்டிக்கொண்ட பிறகு மெதுவாக இழுத்தால் என்ன? மற்றப் பல்லிகள் வெயில் ஏறக் காத்திருக்கும்போதே மலைக்காட்டுப் பச்சோந்தி காலை உணவை முடித்துவிடலாம்.

ஏன் இப்படி முன்னாடியும் பின்னாடியும் ஆடி ஆடி நடக்குது?

காற்றில் அசையும் இலையோடு இலையாகத் தெரிவதற்காக இருக்கலாம் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். அதன் நடையைக் கிட்டத்திலிருந்து பார்த்தால் இன்னொன்றும் புரியும். ஒரு காலை எடுத்து, அந்தரத்தில் நிறுத்தி, கிளை கிடைக்கும்வரை தடவி, பிடித்து இறுக்கிய பிறகுதான் அடுத்த காலை விடும். ஒவ்வொரு பாதமும் ஓர் இடுக்கி. முன்காலில் உள்பக்கம் மூன்று விரல், வெளிப்பக்கம் இரண்டு. பின்காலில் உள்பக்கம் இரண்டு, வெளிப்பக்கம் மூன்று. குச்சியை இரு பக்கமும் கவ்விக்கொள்ள இந்த அமைப்பு. வால் ஐந்தாவது கை.

உடம்பு பக்கவாட்டில் ஒடுங்கியிருப்பதும் இதே காரணத்துக்குத்தான். மெல்லிய குச்சியின் மேல் எடை நேராக நிற்கும், கவிழாது.

வால் அறுந்தா பல்லி மாதிரி முளைக்குமா?

முளைக்காது. பச்சோந்தி வாலைக் கழற்றிவிட்டு ஓடும் பிராணியும் அல்ல. அதனால் தயவுசெய்து வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள்.

காது கேக்குமா? காதே தெரியலையே.

வெளியே காதுத் துளை கிடையாது. இருந்தும் தாழ்ந்த ஒலிகள், ஏறக்குறைய 200 முதல் 600 ஹெர்ட்ஸ் வரை, கேட்கும். கிளை வழியாக வரும் அதிர்வையும் உணரும்.

உலகத்துல எங்கெல்லாம் இருக்கு?

இருநூறுக்கும் மேற்பட்ட இனங்கள். ஏறக்குறைய பாதி மடகாஸ்கரில், மீதியில் பெரும்பகுதி ஆப்பிரிக்கக் கண்டத்தில். ஏமன், சவூதி அரேபியா பக்கம் சில. தென் ஐரோப்பாவின் மத்தியதரைக் கடலோரத்தில் ஒன்றிரண்டு. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒரே ஓர் இனம்தான். அமெரிக்கக் கண்டங்களில் இயற்கையாக எதுவும் இல்லை. ஹவாய்த் தீவுகளில் இருப்பவை கென்யாவிலிருந்து 1972 இல் கொண்டுபோகப்பட்டுத் தப்பிப் பெருகிய ஜாக்சன் பச்சோந்திகள். ஆணுக்கு மூக்கின் மேல் ஒன்றும் கண்களுக்கு முன்னால் இரண்டுமாக மூன்று கொம்பு இருக்குமே, அவைதான். கொம்பை ஆண்கள் ஒன்றையொன்று கிளையிலிருந்து தள்ளப் பயன்படுத்துகின்றன.

மடகாஸ்கர்ல மட்டும் ஏன் இவ்வளவு? அங்கதான் பிறந்துச்சா?

அப்படித்தான் முன்பு பலர் எண்ணினார்கள். 2013 இல் மரபணுக்களை ஒப்பிட்டு வெளியான ஆய்வு, பச்சோந்தியின் பிறப்பிடம் ஆப்பிரிக்கக் கண்டம் என்று காட்டியது. அங்கிருந்து இரண்டு முறை, சுமார் 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பும் சுமார் 4.7 கோடி ஆண்டுகளுக்கு முன்பும், மடகாஸ்கருக்குக் கடல் கடந்திருக்கின்றன. அதற்கு வெகுகாலம் முன்பே மடகாஸ்கர் ஆப்பிரிக்காவிலிருந்து பிரிந்துவிட்டது. ஆகவே மிதக்கும் மரங்களிலும் செடித் திட்டுகளிலும் தொற்றிக்கொண்டுதான் வந்திருக்க வேண்டும். அக்காலத்தில் கடல் நீரோட்டம் ஆப்பிரிக்காவிலிருந்து கிழக்கு நோக்கி இருந்தது. வந்து சேர்ந்த தீவில் மழைக்காடு, முட்காடு, சுண்ணாம்புப் பாறை, உயர்ந்த மலை என்று விதவிதமான இடங்கள். ஒவ்வொன்றிலும் ஒதுங்கி ஒவ்வோர் இனமாகப் பிரிந்தன.

எல்லாமே மரத்துலதான் வாழுமா?

இல்லை. மடகாஸ்கரின் புரூக்கேசியா வகைகள் பகலெல்லாம் தரையில், காய்ந்த இலைகளுக்கு நடுவில் திரியும். வால் குட்டை. தொட்டால் காலை மடக்கிச் சரிந்து கிடக்கும். சருகா பிராணியா என்று தெரியாது. இரவில் மட்டும் சிறு செடிகளில் கொஞ்சம் மேலே ஏறித் தூங்கும்.

தென்மேற்கு ஆப்பிரிக்காவின் நமீப் பாலைவனத்தில் நமாக்குவா பச்சோந்தி வாழ்கிறது. மரமே இல்லாத மணலில் வண்டுகளைத் துரத்திப் பிடிக்கும். பச்சோந்தி ஓடும் என்று நம்ப வேண்டுமானால் இதைத்தான் பார்க்க வேண்டும். காலைக் குளிரில் வெயில் படும் பக்கம் கறுப்பாகவும் மறுபக்கம் வெளிறியும் இருக்கும். சூடு ஏறினால் முழுவதும் வெளுத்துவிடும். தண்ணீரை மிச்சப்படுத்த, உடம்பில் சேரும் உப்பை மூக்குத் துவாரம் வழியாக வெளியேற்றுகிறது. நிறத்தின் இரண்டாவது வேலை, அதாவது சூட்டைச் சரிசெய்வது என்று மேலே சொன்னதற்கு, இதன் நிறமாற்றத்தைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

ரொம்பச் சின்னது எது, பெருசு எது?

2021 இல் அறிவிக்கப்பட்ட புரூக்கேசியா நானா, வட மடகாஸ்கரில் கிடைத்தது. ஆணின் உடல் 13.5 மில்லிமீட்டர், வாலோடு சேர்த்து 21.6 மில்லிமீட்டர். விரல் நுனியில் உட்காரும். நீளத்தில் பெரியது உஸ்தலே பச்சோந்தி, 68 சென்டிமீட்டர் வரை. எடையில் பெரியது பார்சன் பச்சோந்தி. மூன்றுமே மடகாஸ்கர்தான்.

முட்டை போடுமா, குட்டி போடுமா? எவ்வளவு நாள் வாழும்?

பெரும்பாலானவை முட்டைதான். மரத்தில் வாழும் பெண்ணும் இதற்காகத் தரைக்கு இறங்கி, குழி தோண்டி, முட்டையிட்டு மூடிவிட்டுப் போய்விடும். அதன்பின் தாய்க்கும் குஞ்சுக்கும் தொடர்பு இல்லை. குளிர்ந்த மலைகளில் வாழும் ஜாக்சன் பச்சோந்தியும் தென்னாப்பிரிக்கக் குள்ளப் பச்சோந்திகளும் குட்டி போடும். குளிர்ந்த மண்ணில் முட்டையை விடுவதைவிட வயிற்றுக்குள் வைத்து வெயில் காய்வது பத்திரம்.

ஆயுள் இனத்துக்கு இனம் வேறுபடும். பார்சன் பச்சோந்தியின் முட்டை பொரியவே ஓராண்டுக்கு மேல் ஆகும், பிறகு பல ஆண்டுகள் வாழும். தென்மேற்கு மடகாஸ்கரின் லபோர்ட் பச்சோந்தி இதற்கு நேர் எதிர். நவம்பரில் மழையோடு பொரிந்து, இரண்டே மாதத்தில் பருவம் அடைந்து, முட்டையிட்டு, நான்கைந்து மாதத்தில் செத்துவிடும். அடுத்த எட்டொன்பது மாதம் அந்த இனம் முழுவதும் மண்ணுக்குள் முட்டையாகவே இருக்கும். நான்கு கால் உள்ள பிராணி வர்க்கத்தில் இவ்வளவு குறுகிய வாழ்க்கை வேறு எதற்கும் இருப்பதாகத் தெரியவில்லை என்று 2008 இல் இதை அறிவித்தவர்கள் எழுதினார்கள்.

கடிச்சா விஷமா?

விஷம் கிடையாது. வாயைப் பிளந்து சீறும், உடம்பை ஊதிக் காட்டும், கையில் பிடித்தால் கடிக்கவும் செய்யும். வலிக்கும், அவ்வளவுதான்.

ஒளிஞ்சுக்க நிறம் மாறலைன்னு சொன்னீங்க. ஆனா எதிர்ல இருந்தாலும் கண்ணுக்கே தெரிய மாட்டேங்குதே?

இரண்டுமே உண்மை. இரண்டாவது, மூன்றாவது பதில்களில் சொன்னது, வைத்த இடத்தின் நிறத்தை அது நகல் எடுக்காது என்பதைத்தான். அது அமைதியாக இருக்கும்போது உள்ள நிறமே இலைக்கும் பட்டைக்கும் பொருந்தும் நிறம். ஒளிந்துகொள்ள அது மாறவே வேண்டியதில்லை. வெளிப்படத்தான் மாற வேண்டும். 2008 இல் தென்னாப்பிரிக்கக் குள்ளப் பச்சோந்திகளை ஒப்பிட்ட ஆய்வும் இதையே சொன்னது: அதிகமாக நிறம் மாறும் இனங்கள் விதவிதமான பின்னணியில் வாழ்பவை அல்ல; பளிச்சென்று தெரியும் சைகைகளைக் காட்டுபவை.

ஆனாலும் ஒளிவதற்காகச் சற்று மாற்றிக்கொள்வது அறவே இல்லை என்று சொல்ல முடியாது. அதே குள்ளப் பச்சோந்திகளில் ஓர் இனம், பறவை வந்தால் பின்னணியோடு நன்றாகப் பொருந்திக்கொள்கிறது, பாம்பு வந்தால் அவ்வளவு பொருந்துவதில்லை. பாம்பின் நிறப்பார்வை பறவையுடையதைவிடக் குறைவு. கொஞ்சம் பொருந்தினாலே அதன் கண்ணுக்குப் போதும்.

பகல்ல தேடிக் கிடைக்கலை, ராத்திரி டார்ச் அடிச்சா பளிச்சுன்னு தெரியுது. ஏன்?

தூங்கும்போது பல இனங்களின் தோல் வெளிறிவிடும். டார்ச் வெளிச்சத்தில் அது இலையைவிட நன்றாகத் தெரியும். அதோடு, அவை தூங்கத் தேர்ந்தெடுப்பது மெல்லிய குச்சியின் நுனி. பாம்பு ஏறினால் குச்சி ஆடும், தூக்கம் கலையும், கீழே விழுந்து தப்பலாம். ஆய்வாளர்கள் கணக்கெடுப்பை இரவில் நடத்துவதும் இதனால்தான்.

அழிஞ்சு போயிட்டதா நினைச்ச இனம் திரும்பக் கிடைச்சதாமே?

ஆமாம். 1913 க்குப் பிறகு யாரும் பார்க்காத ஃபோல்ட்ஸ்கோ பச்சோந்தியை 2018 இல் வடமேற்கு மடகாஸ்கரில் கண்டார்கள். அதுவும் ஒரு விடுதித் தோட்டத்தில். மலாவியின் சாப்மன் குள்ளப் பச்சோந்தி 2016 இல் மீண்டும் தென்பட்டது. ஆனால் அதன் காட்டில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு 1980களுக்குப் பிறகு அழிந்துபோயிருக்கிறது. மிச்சமிருக்கும் துண்டுக் காடுகளுக்கு நடுவில் வெட்டவெளி. அதைக் கடக்க இந்தப் பச்சோந்தியால் முடியாது. ஒரே மலையில், ஒரே காட்டில் மட்டும் வாழும் இனங்கள் ஏராளம். அந்தக் காடு போனால் அந்த இனமும் போயிற்று.

வீட்டுல வளர்க்கலாமா?

இந்தியாவில் சட்டப்படி முடியாது. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. சட்டம் அனுமதிக்கும் நாடுகளிலும் என் பதில் வேண்டாம் என்பதே. பச்சோந்தி தனியாக வாழும் பிராணி. கையில் எடுப்பதே அதற்குப் பெரும் நெருக்கடி. கிண்ணத்துத் தண்ணீரைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது, இலையில் துளித்துளியாக நின்றால்தான் நக்கும். புற ஊதா ஒளியும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்தால் எலும்பு வளைந்துவிடும். இத்தனையும் சரியாகச் செய்பவர்கள் மிகச் சிலர்.

ரோட்டுல மெதுவா போய்க்கிட்டு இருக்கு. என்ன செய்யட்டும்?

முதலில் வண்டி வருகிறதா என்று பார்த்து உங்களைக் காத்துக்கொள்ளுங்கள். அப்புறம் விரல் கனமுள்ள ஒரு குச்சியை அதன் முன்காலுக்கு அருகில், கொஞ்சம் உயர்த்திப் பிடியுங்கள். பெரும்பாலும் தானாகவே பற்றி ஏறிவிடும். வால் எதையாவது சுற்றியிருந்தால் இழுக்காமல், அது அவிழ்க்கும்வரை பொறுங்கள். எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கத்துச் செடியிலேயே குச்சியைச் சாய்த்து விடுங்கள். வந்த பக்கமே விட்டால் மறுபடியும் சாலையில்தான் இறங்கும். இறங்கி வந்தது முட்டையிட இடம் தேடும் பெண்ணாகக்கூட இருக்கலாம்.